சக்கரம் சின்னது, சைக்கிள் பெரியது

சைக்கிள் கடைகளில் சிறுவர் வண்டிகளை அங்குலத்தால் அழைப்பது வழக்கம். நான்கு வயதுக்கு 14, ஆறு வயதுக்கு 16, எட்டு வயதுக்கு 20, பத்துப் பதினொன்றுக்கு 24 என்று கடைக்காரர் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார். சாதாரணச் சிறுவர் சைக்கிளுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தியும் விடுகிறது. அங்கே சக்கரம் பெரிதாகும்போது ஃபிரேம், கிராங்க், ஹேண்டில்பார் எல்லாம் சேர்ந்தே பெரிதாகின்றன. அதனால் சக்கரத்தின் அளவைச் சொன்னாலே வண்டியின் அளவைச் சொன்னதாகிவிடும். இதே வாய்ப்பாட்டை மடக்கு சைக்கிளுக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல் வருகிறது. 20 அங்குலச் சக்கரம், தாழ்வான ஃபிரேம், கீழே இறக்கிவிடக்கூடிய சீட் எல்லாவற்றையும் பார்த்தவுடன் ‘நம்ம பையனுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கிறது’ என்று பெற்றோருக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது 170, 175 செ.மீ. உயரமுள்ள ஆளை மனத்தில் வைத்துச் செய்த வண்டி. சிறுத்திருப்பது சக்கரம் மட்டுமே. குழந்தைக்கோ உயரம் குறைந்த பெரியவருக்கோ மடக்கு சைக்கிள் தேர்ந்தெடுப்பவர் சக்கரத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது, பெடலைத் தாங்கிச் சுழலும் அந்தக் கையின், அதாவது கிராங்கின், நீளத்தை. இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்.

மடக்கு சைக்கிளின் சக்கரம் ஏன் சிறுத்தது என்பதை அறிந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். 1956-57இல் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் வடிவமைத்த அலெக்ஸ் மோல்டன் என்ற பொறியாளர் அப்போதுதான் சைக்கிளின் பக்கம் திரும்பினார். சக்கரத்தைச் சிறிதாக்கினால் முன்னும் பின்னும் சுமை வைக்க இடம் கிடைக்கும், சக்கரமும் உறுதியாகும், எடை குறையும் என்பது அவர் கணக்கு. சிறு சக்கரத்தின் அதிர்ச்சியை ரப்பர் சஸ்பென்ஷன் வாங்கிக்கொள்ளும். டயரில் காற்றழுத்தத்தைக் கூட்டினால் உருளும் தடையும் அடங்கும். 1962இல் வெளிவந்த அந்த 16 அங்குல வண்டியில் அதே ஆண்டு ஜான் வுட்பர்ன் கார்டிஃபிலிருந்து லண்டன் வரை ஓட்டிச் சாதனை படைத்தார். போட்டிக்கு வந்த ராலே நிறுவனம் 1965இல் ஆர்.எஸ்.டபிள்யூ. 16 என்ற வண்டியை இறக்கியது. சஸ்பென்ஷன் செலவை மிச்சப்படுத்த, காற்றழுத்தம் குறைந்த தடித்த டயரைப் போட்டார்கள். வண்டி மந்தமாக ஓடியது. சிறு சக்கரம் என்றாலே மிதிக்கக் கனமாக இருக்கும் என்ற பேச்சு பரவியதில் அந்த டயருக்குக் கணிசமான பங்கு உண்டு. பின்னர் 1970களில் ஆண்ட்ரூ ரிச்சி லண்டனில் ப்ராம்ப்டன் ஆரட்டரி தேவாலயத்துக்கு எதிரே இருந்த தன் வீட்டில் ப்ராம்ப்டன் மடக்கு சைக்கிளை உருவாக்கத் தொடங்கினார். எண்ணெய் நெருக்கடியைக் கண்ட லேசர் இயற்பியலாளர் டேவிட் ஹான், கலிஃபோர்னியாவில் தாஹோன் என்ற மடக்கு சைக்கிள் நிறுவனத்தை 1982இல் தொடங்கினார். இவர்கள் யாரும் சிறுவருக்காகச் சக்கரத்தைக் குறைக்கவில்லை. மோல்டன் குறைத்தது சுமைக்கும் உறுதிக்கும்; ரிச்சியும் ஹானும் குறைத்தது, அலுவலகம் போகும் பெரியவர் ரயிலில், காரின் டிக்கியில், மேசையடியில் வண்டியை வைக்க வேண்டும் என்பதற்காக. லண்டன் சுரங்க ரயிலில் மடக்கு சைக்கிளை எந்த நேரத்திலும் கொண்டுபோகலாம், சாதாரண சைக்கிளை நெரிசல் நேரத்தில் கொண்டுபோக முடியாது என்ற விதியே இந்தத் தொழிலுக்குப் பெரிய துணை.

சரி, சக்கரம் சிறுத்தால் சீட்டாவது தாழுமா? தாழாது. சீட்டின் உயரத்தை முடிவு செய்வது கிராங்க் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. அந்த உயரத்துக்குக் கீழ்வரம்பு போடுவது கிராங்கின் நீளம். கிராங்க் 17 செ.மீ. நீளம் என்றால், பெடல் கீழே வரும்போது அதன் அச்சு தரையில் உரசாமலும், வண்டி சாய்ந்து திரும்பும்போது பெடல் தட்டாமலும் இருக்க இன்னும் 11, 12 செ.மீ. இடைவெளி வேண்டும். ஆக, அச்சு சுமார் 28 செ.மீ. உயரத்தில்தான் இருந்தாக வேண்டும். இதில் சக்கரத்துக்கு வேலையே இல்லை. அதனால்தான் 16 அங்குல மடக்கு சைக்கிளுக்கும் 20 அங்குல மடக்கு சைக்கிளுக்கும் அச்சு உயரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ‘இருபது உயரமாக இருக்கிறது, பதினாறு எடுப்போம்’ என்று இறங்கி வருபவர் மடக்கிய பொதியின் அளவில் மிச்சம் பிடிக்கிறார். ஓட்டுபவரின் உடலுக்கு அதனால் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. குட்டையானவர்களுக்கு மடக்கு சைக்கிள் தரும் உண்மையான வசதி வேறு: நடுவில் குறுக்குக் கம்பி இல்லை, ஃபிரேம் முழங்கால் உயரத்திலேயே இருக்கிறது, சேலையோ பாவாடையோ கட்டியவரும் எளிதாகக் காலெடுத்து வைக்கலாம். நிறுத்தி நிற்கும்போதும் கவட்டில் எதுவும் இடிக்காது. இந்த வசதி சிறு சக்கரத்தோடு சேர்ந்தே கிடைக்கிறது. ஆனால் வசதியாக ஏறுவது ஒன்று, ஏறியபின் வசதியாக மிதிப்பது இன்னொன்று.

மிதிப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கவட்டிலிருந்து தரைவரை உள்ள நீளத்தை உள்கால் அளவு என்று வைத்துக்கொள்வோம். பெடல் முழுக்கக் கீழே இருக்கும்போது சீட்டிலிருந்து பெடல்வரையுள்ள தூரம் இந்த அளவைப் போல 1.09 மடங்கு இருந்தால் மிதிப்பது நன்றாக அமைகிறது என்று ஹேம்லியும் தாமஸும் 1967இல் பெரியவர்களை வைத்துக் கண்டார்கள். இன்றும் பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். உள்கால் அளவு 80 செ.மீ. உள்ள பெரியவருக்கு இந்தத் தூரம் 87 செ.மீ. அவருடைய கிராங்க் 17 செ.மீ. பெடல் மேலே வரும்போது தூரம் 34 செ.மீ. குறைந்து 53 ஆகிறது. அதாவது நீட்டிய நிலையில் இருந்ததில் 61 சதவீதம். இப்போது பத்து வயதுக் குழந்தை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி பத்து வயதில் நடுத்தர உயரம் சுமார் 138 செ.மீ.; உள்கால் அளவு 62 செ.மீ. என்று கொள்ளலாம். கீழே இருக்கும்போது தூரம் 67.6. அதே 17 செ.மீ. கிராங்கை மாட்டினால் மேலே வரும்போது 33.6. நீட்டியதில் பாதிகூட இல்லை! ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் நெஞ்சை நோக்கி ஏறுகிறது, இடுப்பு இடமும் வலமும் ஆடுகிறது, தொடை வயிற்றில் முட்டாமலிருக்கக் குழந்தை முழங்காலை வெளியே விரித்து மிதிக்கிறது. கிராங்கை 13 செ.மீ. ஆக்கினால் அந்தத் தூரம் 41.6, அதாவது மீண்டும் 61 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது. பெரியவரின் கால் எந்த அளவு மடங்குகிறதோ அதே அளவுதான் குழந்தையின் காலும் மடங்குகிறது. உயரம் குறைந்த பெரியவர்களுக்கும் இதே கணக்குத்தான். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ. உள்கால் அளவு 70 செ.மீ. உள்ள பெண்ணுக்கு 17 செ.மீ. கிராங்கில் 55 சதவீதம் வருகிறது, 15 செ.மீ. கிராங்கில் 61. சுருக்கமாக, உள்கால் அளவில் 21 சதவீதத்தைக் கிராங்கின் நீளமாக வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

இங்கே விவரம் தெரிந்தவர் ஒருவர் குறுக்கிடலாம். மார்ட்டினும் ஸ்பிர்டூசோவும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் பயிற்சி பெற்ற ஓட்டுநர்களுக்கு 12 செ.மீ. முதல் 22 செ.மீ. வரை ஐந்து நீளங்களில் கிராங்க் மாட்டிச் சோதித்தார்கள். உச்சத் திறனில் மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் வித்தியாசம் 4 சதவீதம்தான். அடுத்த ஆண்டே மார்ட்டின் குழு எட்டு முதல் பதினோரு வயதுச் சிறுவர்களை வைத்து, வழக்கமான 17 செ.மீ. கிராங்கையும் கால் நீளத்தில் 20 சதவீதம் கொண்ட கிராங்கையும் ஒப்பிட்டது. உச்சத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அப்படியானால் இவ்வளவு கணக்கும் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அந்த ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. அவை அளந்தது எதை என்று பார்க்கிறேன். சில நொடிகள் முழு மூச்சாக மிதிக்கும்போது வெளிப்படும் திறனை அவை அளந்தன. பள்ளிக்கூடம் வரை இருபது நிமிடம் மிதிக்கும் குழந்தையின் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, சீட்டில் நிலையாக உட்கார முடிகிறதா, சிக்னலில் நிறுத்திக் கிளம்பும்போது தடுமாறுகிறதா என்பதெல்லாம் அந்தச் சோதனையின் கேள்விகள் அல்ல. சொல்லப்போனால் அந்த முடிவு என் வாதத்துக்கே துணை. குட்டைக் கிராங்க் போட்டால் நெம்புகோல் குறைந்து பலம் போய்விடும் என்று சைக்கிள் கடைகளில் சொல்வார்கள். உடலின் திறன் குறைவதில்லை என்று ஆய்வு காட்டிவிட்டது. திறனில் இழப்பு இல்லை, வசதியில் லாபம் உண்டு என்றால் நீளக் கிராங்கைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

நெம்புகோல் பற்றிய பேச்சில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கிராங்க் 17லிருந்து 13 ஆனால் அதே கியரில் பெடலை 31 சதவீதம் கூடுதல் விசையுடன் அழுத்த வேண்டியிருக்கும். இதற்கு மருந்து செயின் வீலில் இருக்கிறது. 20 அங்குல மடக்கு சைக்கிள்களில் முன்னால் 52 பல் செயின் வீல் சாதாரணம். பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு கியர். 52ஐ 40 ஆக்கினால் குறைந்த நெம்புகோல் அப்படியே ஈடாகிவிடுகிறது. டயரோடு சேர்த்து 50 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் 1.57 மீட்டர் போகும். 40க்கு 28 என்ற கடைசி மெது கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 2.24 மீட்டர் நகரும். மேம்பாலம் ஏற இது தாராளம். 40க்கு 14 என்ற வேக கியரில் 4.5 மீட்டர், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 21 கி.மீ.க்குச் சற்று மேல். பத்து வயதுக் குழந்தைக்கு இதற்கு மேல் வேகம் வேண்டும் என்று எந்தப் பெற்றோரும் கேட்கமாட்டார்கள். கிராங்க் மாற்றத்தில் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கால் முழுக்க நீள வேண்டுமானால் கிராங்க் குறைந்த 4 செ.மீ.க்குச் சீட்டை உயர்த்த வேண்டும். அச்சு அதே உயரத்தில் இருப்பதால் குழந்தையின் பாதம் தரையிலிருந்து இன்னும் விலகும். பழகாத குழந்தைக்கு இது பயம் தரும். ஆனால் சீட்டை உயர்த்தாமல் பழைய உயரத்திலேயே விட்டாலும், பெடல் மேலே வரும்போது 33.6 செ.மீ.க்குப் பதில் 37.6 செ.மீ. இடம் கிடைக்கிறது. பயம் தெளியும் வரை தாழ்வாக வைத்து ஓட்டும் சுதந்திரத்தைக் குட்டைக் கிராங்க்தான் தருகிறது. நீளக் கிராங்கில் சீட்டை இறக்கினால் முழங்கால் தாடையைத் தொட்டுவிடும்.

கிராங்குக்கு அடுத்தது எட்டும் தூரம். மடக்கு சைக்கிள் விளம்பரங்களில் ஓட்டுபவரின் உயரம் சுமார் 140 செ.மீ.யிலிருந்து 190 வரை என்று ஒரே மூச்சில் போட்டிருப்பார்கள். சீட் கம்பி அவ்வளவு தூரம் ஏறி இறங்கும் என்பது மட்டுமே அதன் பொருள். அப்பாவின் சட்டையைக் கை மடித்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டால் தோள் பொருந்திவிடுமா? உயரம் குறைந்தவரின் கையும் முதுகும் அதே விகிதத்தில் குறைவு. 175 செ.மீ. ஆளுக்குச் சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை 65 செ.மீ. பொருந்துகிறது என்றால் 138 செ.மீ. குழந்தைக்கு 51 செ.மீ.தான் பொருந்தும். 14 செ.மீ. குறைய வேண்டும். இதில் ஒரு பங்கு தானாகவே நடக்கிறது: சீட் கம்பி பின்பக்கம் சாய்ந்து நிற்பதால் சீட்டை இறக்க இறக்க அது முன்னால் வருகிறது. தரையோடு 71 பாகைச் சாய்வுள்ள கம்பியில் 20 செ.மீ. இறக்கினால் சீட் ஆறரை செ.மீ. முன்னே வரும். மீதி ஏழெட்டு செ.மீ.யை எங்கே தேடுவது? சீட்டைத் தண்டவாளத்தில் முன்தள்ளி இரண்டு மூன்று செ.மீ. பெறலாம். ஹேண்டில் கம்பி உயரம் மாற்றக்கூடியதாக இருந்தால் கொஞ்சம், பின்பக்கம் வளைந்த ஹேண்டில்பார் போட்டால் கொஞ்சம். ஆகவே, கடையில் இரண்டு வண்டிகள் ஒரே விலையில் நின்றால், ஹேண்டில் கம்பி ஏறி இறங்கும் வண்டியையே எடுக்க வேண்டும். பற்றவைத்த ஒரே துண்டுக் கம்பி இலேசாகவும் உறுதியாகவும் இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உறுதி 80 கிலோ ஆளுக்கு வேண்டியது. 31 கிலோ குழந்தைக்கு அந்த உறுதியைவிடக் கை எட்டுவது முக்கியம்.

பிரேக் விஷயத்தைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் பெரிய சைக்கிளில் ஹேண்டில்பாருக்கும் பிரேக் பிடிக்கும் இடையே உள்ள வெளிப்புற இடைவெளி 8.9 செ.மீ.யைத் தாண்டக்கூடாது என்கின்றன. தாழ்ந்த சீட் கொண்ட சிறுவர் வண்டிக்கு 7.6 செ.மீ. இந்த ஒன்றே கால் செ.மீ. வித்தியாசம்தான், குழந்தை விரலின் நடுக்கணு பிடியில் விழுவதற்கும் நுனி மட்டும் தொடுவதற்கும் உள்ள வித்தியாசம். நுனியால் இழுத்தால் பிரேக் பிடிக்காது. மடக்கு சைக்கிள் பெரியவர் வண்டி என்ற கணக்கில் விற்கப்படுவதால் முதல் வரம்புக்கே கட்டுப்படும். பெரும்பாலான பிரேக் பிடிகளில் உட்புறம் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருகினால் பிடி ஹேண்டில்பாரை நெருங்கி வரும். இந்தத் திருகு இல்லாத பிடியை மாற்றிவிடுவது நல்லது, செலவு அதிகமில்லை.

எடையில் மட்டும் முழுப் பரிகாரம் கிடையாது. கீல், பூட்டு, நீண்ட கம்பிகள் எல்லாம் சேர்வதால் 20 அங்குல மடக்கு சைக்கிள் ஏறத்தாழ 12 கிலோ வருகிறது. பத்து வயதுக் குழந்தையின் நடுத்தர எடை 31 கிலோ. 12 கிலோ என்பது அதன் உடல் எடையில் 39 சதவீதம். புத்தகப்பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பை கொள்கை சொல்கிறது. நான்கு புத்தகப்பை எடையைத் தூக்கிக்கொண்டு குழந்தை ரயில் நிலையப் படியேறும் என்று எதிர்பார்ப்பது சரியா? மடக்கும் வசதி இங்கே குழந்தைக்கானதல்ல, அதைத் தூக்கிச் செல்லும் பெரியவருக்கானது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை. ஓட்டும்போதும் எடை தன் வேலையைக் காட்டும். மேம்பாலம் ஏறும்போது 70 கிலோ ஆள் 82 கிலோவை ஏற்றுகிறார். குழந்தை 43 கிலோவை ஏற்றுகிறது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கிட்டால் குழந்தைக்கு 18 சதவீதம் கூடுதல் உழைப்பு. இந்த இடத்தில் ஒரு கிலோ குறைந்த வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவல்ல. அலங்காரத்துக்கான இரும்பு கேரியர், இரட்டை ஸ்டாண்டு போன்றவற்றைக் கழற்றி வைத்தாலே ஒரு கிலோ இறங்கிவிடும்.

இனி சக்கரத்துக்கு வருவோம். சிறு சக்கரம் மேடுபள்ளத்தில் அடிபடும் என்பது உண்மையே. எவ்வளவு என்பதுதான் கேள்வி. சாலையில் 3 செ.மீ. உயர விளிம்பு ஒன்று குறுக்கே கிடக்கிறது. மெதுவாக உருண்டு வந்து முட்டும் சக்கரத்தை அதன் மேல் ஏற்றத் தேவையான முன்தள்ளலை எளிய நெம்புகோல் கணக்கிலேயே பெறலாம். பழைய 28 அங்குல சைக்கிளுக்கு, சக்கரத்தின் மேல் உள்ள ஒவ்வொரு 10 கிலோ சுமைக்கும் 4.4 கிலோ தள்ளல் வேண்டும். 20 அங்குலத்துக்கு 5.4, 16 அங்குலத்துக்கு 6.2. ஆக, 28இலிருந்து 20க்கு வரும்போதே தடை கால் பங்கு ஏறுகிறது. 16இல் நாற்பது சதவீதம். நம் சாலைகளின் வேகத்தடைகளையும் தோண்டி மூடிய பள்ளங்களையும் நினைத்தால் 16ஐ விட 20 மேல் என்று தீர்ப்பு சொல்ல நான் தயங்கமாட்டேன். ஆனால் குழந்தைக்குச் சாதகமான செய்தி ஒன்றும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. டயர் எவ்வளவு அழுந்துகிறது என்பது சுமைக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள விகிதம். 82 கிலோவுக்கு 65 பி.எஸ்.ஐ. பொருந்தும் என்றால் 43 கிலோவுக்கு 35 போதும். பெரியவருக்கு அடித்த அதே அழுத்தத்தைக் குழந்தையின் வண்டிக்கும் அடித்தால் டயர் கல்லாக நின்று ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்கு அனுப்பும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது தாங்கும் வரம்பு. அவ்வளவும் அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. டயர் வாங்கும்போது கவனிக்க இன்னொன்றும் உண்டு. 20 அங்குலம் என்ற பெயரில் 406, 451 மில்லிமீட்டர் என்று முக்கியமாக இரண்டு ரிம் அளவுகள் உள்ளன. 16 என்ற பெயரில் 305, 349. சிறுவர் சைக்கிள்களில் பரவலாக இருப்பவை 406, 305 இரண்டும்தான். தெருமுனைக் கடையில் டயரும் டியூபும் கிடைக்க வேண்டுமென்றால் 406இல் நிற்பது புத்திசாலித்தனம்.

சிறு சக்கரம் ஆடும், சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவு குறைவதால் வண்டி நிலைகொள்ளாது என்றும் ஒரு கருத்து உண்டு. சைக்கிள் ஏன் விழாமல் ஓடுகிறது என்பதற்குப் பம்பர விளைவையே முழு விடையாக நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்ததன் விளைவு இது. நெதர்லாந்தின் டெல்ஃப்டையும் அமெரிக்காவின் கார்னெல்லையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு விசித்திர வண்டியை விவரித்தார்கள். மிகச் சிறிய சக்கரங்கள். அவற்றின் பம்பர விளைவை எதிர்ப்பக்கம் சுழலும் தட்டுகள் ரத்து செய்துவிடும். முன்சக்கரம் தரையைத் தொடும் இடமும் திருப்பும் அச்சின் கோட்டுக்குச் சற்று முன்னாலேயே வைக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் தள்ளிவிட்டால் ஆளில்லாமல் தானே நிமிர்ந்து ஓடியது. எடை எங்கே பரவியிருக்கிறது, விழப்போகும் பக்கமே ஹேண்டில் தானாகத் திரும்புகிறதா என்பவை எல்லாம் கூடித்தான் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கின்றன. மடக்கு சைக்கிளில் முதல் நாள் உணரும் துடிப்புக்கு முக்கியக் காரணம் ஹேண்டில் உடனடியாகத் திரும்பும்படி அமைந்த முன்பக்க வடிவமும், நீண்ட ஹேண்டில் கம்பியின் வளைவும். சில நாள் ஓட்டினால் கை பழகிவிடும். சைக்கிளே ஓட்டத் தெரியாத குழந்தைக்கு முதல் வண்டியாக மடக்கு சைக்கிள் வாங்கித் தராதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

தமிழ்நாட்டில் ஒரு மறுப்பு நிச்சயம் எழும். குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டே பல தலைமுறை சைக்கிள் கற்றது; அளவு பார்த்தா கற்றோம், முட்டி தேய்ந்தா போனோம் என்று கேட்பார்கள். உண்மைதான், மனித உடல் எதற்கும் ஈடுகொடுக்கும். ஆனால் குரங்கு பெடல் போட்டது வீட்டில் இருந்த ஒரே வண்டி அப்பாவுடையது என்பதால். கையில் காசு இருந்த பிள்ளை என்ன செய்தது? வாடகை சைக்கிள் கடைக்குப் போய்க் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று தன் உயரத்துக்கு ஏற்றதைக் கேட்டு வாங்கி ஓட்டியது. அந்தக் கடைக்காரர்கள் அளவின் அருமை அறிந்தவர்கள். அவர்கள் வைத்திருந்த சிறு வண்டியில் எல்லாமே சிறிது. மேலும், குரங்கு பெடல் நடந்தது ஊருணிக் கரையிலும் களத்துமேட்டிலும். பேருந்தும் லாரியும் உரசிப்போகும் சாலையில் அல்ல. பிரேக் எட்டாத, ஒற்றைக் காலில் நின்று இறங்க முடியாத வண்டியோடு இன்றைய சாலையில் குழந்தையை இறக்க அந்தப் பழைய பெருமை நியாயமாகாது.

வாங்கிய பிறகு வரும் இரண்டு சிக்கல்களை விளம்பரங்களில் காணமுடியாது. சில மாதிரிகளில் சீட் கம்பி செல்லும் குழாய் அடியில் திறந்திருக்கும். சீட்டை மிகத் தாழ்த்தினால் கம்பியின் அடிமுனை கிராங்க் அச்சுக்குக் கீழே நீட்டிக்கொண்டு வரும். உயரமான வேகத்தடையில் அதுதான் முதலில் இடிக்கும். கம்பியை வெட்டிவிடலாம், ஆனால் குழாய்க்குள் இருக்க வேண்டிய குறைந்தபட்ச நீளம் அப்போதும் உள்ளே இருக்க வேண்டும். வெட்டியபின் அம்மாவோ அப்பாவோ அந்த வண்டியை ஓட்ட முடியாது. ஒரே வண்டியை வீட்டில் எல்லோரும் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டவர்கள் வாங்குமுன்பே இதைக் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கீலின் பூட்டு. அது இறுக்கமாக மூடினால்தான் ஃபிரேம் ஒரே உடலாக நிற்கும். அந்த இறுக்கம் பெரியவரின் உள்ளங்கைப் பலத்துக்கு ஏற்றது. குழந்தையால் மூட முடியவில்லை என்று திருகைத் தளர்த்திக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படித் தளர்த்தினால் கீல் ஆடும், ஆடினால் தேயும். பூட்டையும் அதன் மேலுள்ள இரண்டாவது பாதுகாப்புக் கொக்கியையும் தானே அழுத்தி மூடும் பலம் வரும்வரை மடக்குவதும் விரிப்பதும் பெரியவர் வேலையாகவே இருக்கட்டும். விரல் நசுங்காமலிருக்கவும் அதுவே வழி.

குழந்தை வளர்கிறதே, இன்றைய அளவுக்கு வாங்கினால் நாளை என்ன ஆகும்? எல்லா மறுப்பிலும் வலுவானது இதுதான். இதற்கு விடை மடக்கு சைக்கிளின் பக்கம்தான் சாய்கிறது. ஆறு வயது முதல் பருவ வயது வரை குழந்தை ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. வளரும். சாதாரணச் சிறுவர் சைக்கிள் இரண்டு மூன்று ஆண்டில் சிறுத்துப்போகும். மடக்கு சைக்கிளின் ஃபிரேம் பெரியவருக்கானது என்பதால் சிறுத்துப்போகவே போகாது. 13 செ.மீ. கிராங்கையும் 40 பல் செயின் வீலையும் மாட்டித் தொடங்கி, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் 15க்கு மாறி, பிறகு வண்டியோடு வந்த 17ஐத் திரும்ப மாட்டலாம். சதுர அச்சுள்ள வண்டியில் இது கிராங்க் கழற்றும் கருவி வைத்திருக்கும் எந்த மெக்கானிக்கும் அரைமணியில் முடிக்கும் வேலை. கழற்றிய பழைய கிராங்கைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்திருந்தால் போதும்.

உயரம் 130 செ.மீ.க்குக் கீழே என்றால் மடக்கு சைக்கிள் வேண்டாம். எடை குறைந்த சாதாரணச் சிறுவர் சைக்கிள் எல்லா விதத்திலும் மேல். 130க்கும் 150க்கும் இடையில் 20 அங்குல, 406 ரிம் வண்டி, மாற்றிய கிராங்கோடும் நெருக்கி வைத்த பிரேக் பிடியோடும். 150க்கு மேல் உள்ளவருக்கு, குழந்தையானாலும் பெரியவரானாலும், 15 செ.மீ.யை ஒட்டிய கிராங்கும் உயரம் மாறும் ஹேண்டில் கம்பியும் இருந்தால் பெரும்பாலான வண்டிகள் பொருந்திவிடும். அளவெடுப்பது சிரமமில்லை: சுவரோரம் செருப்பில்லாமல் நிற்கவைத்து, கால்களுக்கிடையே ஒரு நோட்டுப் புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை டேப்பால் அளந்தால் உள்கால் அளவு. அதில் 21 சதவீதத்தைத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கிராங்கின் நீளம் பெரும்பாலும் அதன் உட்பக்கத்தில், பெடல் மாட்டும் துளைக்கு அருகே, மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். விலை கேட்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.